என் கட்சிக்கு நான் தேடிக் கொடுத்த வசனங்கள்

ஒரு தேர்தலுக்கு முந்தின வாரம், எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். வேதத்தை உண்மையாக விசுவாசிக்கிற எவரும் இன்ன கட்சிக்கு வாக்களிக்க முடியாது என்று எழுதி, கீழே ஏழு வசனங்களின் எண்களைக் கொடுத்திருந்தேன். இரவு பதினொன்றரை மணி இருக்கும். ஏதோ ஊழியம் செய்து முடித்த திருப்தியோடு தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் முப்பதுக்கும் மேல் 'ஆமென்'. ஒரே ஒருவர் மட்டும் குழுவை விட்டு வெளியேறியிருந்தார்.

அவர் எங்கள் சபையின் மூப்பர். வயதில் என்னைவிட இருபது வருடம் பெரியவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். என் அப்பா மருத்துவமனையில் கடைசியாகக் கிடந்த ஒன்பது நாட்களில் ஆறு இரவு அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இந்த அண்ணன்தான். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "உண்மை சுடும்தானே" என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாவிட்டால் நான் தவறு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். அது தெரிந்தும் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் அந்தக் கட்சிக்கு ஆதாயத்துக்காகப் போகவில்லை. விசுவாசத்தின் வழியாகத்தான் போனேன், அல்லது அப்படித்தான் நினைத்தேன். கருவிலிருக்கும் உயிர், குடும்பம், பிள்ளைகள் எதைப் படிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு முக்கியம், இப்போதும் முக்கியம். அந்தக் கட்சியின் தலைவர்கள் இவற்றைப் பற்றி எனக்குப் பழக்கமான வார்த்தைகளில் பேசினார்கள். மேடையில் ஒருவர் சங்கீதத்திலிருந்து ஒரு வரி சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. கூலி, கடன், சிறைச்சாலை, அகதி, லஞ்சம் ஆகியவற்றைப் பற்றி அதே கட்சி என்ன சொல்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கடைசியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கோபப்படுவார் என்று நினைத்து, அதற்கேற்ற பதில்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கோபப்படவில்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, அந்த ஏழு வசனத்தையும் எப்போது தேடினீர்கள்? எந்தக் கட்சி என்று முடிவு செய்வதற்கு முன்னாலா, பின்னாலா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பின்னால்தான் தேடினேன். அன்று இரவு பத்து மணிக்கு மேல், கைபேசியில் இருக்கும் வேதாகமச் செயலியில் எனக்கு வேண்டிய வார்த்தையைத் தட்டி, வந்தவற்றில் வாகாக இருந்த ஏழைப் பொறுக்கி எடுத்திருந்தேன். ஏழில் இரண்டு அதிகாரங்களை முழுசாக வாசித்துக்கூட வருடக்கணக்காகியிருந்தது.

அவர் முப்பத்தொரு வருடம் ஆலையில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரம் நாலாம் வசனத்தைப் பார்க்காமலே சொன்னார். வயலை அறுத்த வேலைக்காரருடைய கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்று வருமே, அந்த வசனம். "நான் இதற்காக அந்தப் பக்கம் போடுகிறேன். நீங்கள் வேறொரு வசனத்துக்காக இந்தப் பக்கம் போடுகிறீர்கள். இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கிறது" என்றார். பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டே, "நானும் லேசுப்பட்டவன் இல்லை. உங்கள் கட்சிக்குப் போடுகிறவர்கள் எல்லாம் பணக்காரனுக்கு ஜால்ரா போடுகிற விசுவாசிகள் என்று பத்து வருடம் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிப் போடவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவரும் கேட்டார். குழுவில் என் செய்தியை அழிக்கலாமா என்றதற்கு, வேண்டாம், அதன் கீழேயே இன்னொன்று எழுதுங்கள் என்றார். எழுதினேன். அதற்கு ஆமென் வந்தது நாலே நாலு.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. என்னை உண்மையிலேயே உலுக்கியது இதற்கு அடுத்த வாரம் நடந்தது.

எனக்கு ஒரு ஜெபக் குறிப்பேடு உண்டு. புதன்கிழமைகளில் நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபிப்பது பல வருடப் பழக்கம். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் விண்ணப்பம்பண்ணச் சொல்லி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரே, அதை வைத்து ஆரம்பித்தது. பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. என் கட்சி ஆட்சியில் இருந்த வருடங்களில் ஒவ்வொரு புதனும் தலைவரின் பெயர் இருக்கிறது. ஆட்சி மாறிய வாரத்திலிருந்து பெயர் இல்லை. 'தேசத்துக்காக' என்று மட்டும் இருக்கிறது. சில வாரங்களில் 'தேசத்தின் விடுதலைக்காக'! எப்போது மாற்றினேன் என்று எனக்கே நினைவில்லை. யாரும் சொல்லி மாற்றவில்லை, தீர்மானம் செய்தும் மாற்றவில்லை, கை தானாகவே நிறுத்தியிருக்கிறது. பவுல் அந்த வார்த்தைகளை எழுதியதாகப் பரம்பரையாகச் சொல்லப்படும் காலத்தில் ரோமில் ஆண்டவன் நீரோ. அவனுக்காக ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கோ ஓட்டு எண்ணி முறைப்படி ஜெயித்த ஒருவரின் பெயரை எழுத முடியவில்லை.

அதுவரை என் விசுவாசம்தான் என் கட்சியைத் தீர்மானித்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். குறிப்பேட்டைப் பார்த்தால் நடந்தது தலைகீழ். யாருக்காக ஜெபிப்பது, எந்த அதிகாரத்தை வாசிப்பது, எந்தப் பாவத்தைப் பற்றிப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது எல்லாவற்றையும் கட்சி தீர்மானித்துக்கொண்டிருந்தது. ஏழைகளை நசுக்குகிறவர்களைக் கண்டிக்கிற ஆமோஸ் புத்தகத்தில், என் வேதாகமத்தில் ஒரு அடிக்கோடுகூட இல்லை. ஆமோஸ் எவ்வளவு காரமான புத்தகம் என்று வாசித்தவர்களுக்குத் தெரியும்.

'விசுவாசம் கட்சியைத் தீர்மானிக்கலாமா' என்று யாராவது கேட்டால் இப்போது நான் முதலில் திருப்பிக் கேட்பது, 'உங்கள் கட்சி கடைசியாகச் செய்த எந்தத் தவற்றை நீங்கள் வாய்விட்டுக் கண்டித்தீர்கள்?' என்பதுதான். நானே அதற்கு மூன்று நாள் யோசித்தேன்.

அண்ணனும் நானும் பிறகு ஆறு மாதம் போல வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து வாசித்தோம். அதில் எனக்கு அதிகம் பயன்பட்டது, அவர் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை பாணியில் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக் காட்டிய விஷயம். முதல் கட்டம் கட்டளை: பசித்தவனுக்கு ஆகாரம் கொடு, பொய்ச்சாட்சி சொல்லாதே, பரதேசியை ஒடுக்காதே. இதில் விவாதமே இல்லை. இரண்டாவது நெறி: ஆட்சி நியாயமாக நடக்க வேண்டும், பலவீனனுக்குப் பாதுகாப்பு வேண்டும், அதிகாரத்துக்கு எல்லை வேண்டும். இதிலும் பெரும்பாலும் ஒத்துப்போவோம். மூன்றாவது வழிமுறை: பசித்தவனுக்கு அரசாங்கம் நேரடியாகக் கொடுப்பதா, அவனுக்கு வேலை கிடைக்கிற மாதிரித் தொழிலை வளர்ப்பதா, வரியை ஏற்றுவதா, இறக்குவதா. கட்சிகள் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது கட்டத்தில். அதில் வேதம் நமக்கு நேரடியாக உத்தரவு தருவதில்லை. புள்ளிவிவரம், அனுபவம், நாணயம், பொது அறிவு எல்லாம் வேண்டியிருக்கிறது. ஆனால் நாங்கள் விசுவாசிகள் சண்டை போடும்போது மூன்றாவது கட்டத்து விஷயத்துக்கு முதல் கட்டத்து வார்த்தைகளைத் தூக்கி எறிகிறோம். 'இந்த வரிக் கொள்கை சரிப்படாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நீ தேவனுக்கு விரோதமாய் நிற்கிறாய்' என்கிறோம்.

மூன்றாம் கட்டத்து விஷயங்களுக்கு ரோமர் பதினாலாம் அதிகாரம் பொருந்தும் என்று நினைக்கிறேன். எதைச் சாப்பிடுவது, எந்த நாளை விசேஷமாக எண்ணுவது என்று அடித்துக்கொண்ட சபைக்கு, அவனவன் தன்தன் மனதில் முழுநிச்சயத்தை உடையவனாயிருக்கட்டும் என்று பவுல் எழுதியது. நிச்சயம் இருக்கலாம், தீர்ப்புதான் கூடாது.

ஆனால் இதையே சாக்காக வைத்து 'எல்லாம் அவரவர் கருத்து' என்று கைகழுவுவதும் ஆபத்து. அடிமைமுறையைப் பார்த்தால் போதும். அமெரிக்காவில் 1844-இல் மெதடிஸ்டு சபையாரும் 1845-இல் பாப்டிஸ்டு சபையாரும் அந்தக் கேள்வியில்தான் வடக்கு, தெற்கு என்று பிரிந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே வேதாகமம், ஒரே பாட்டுகள். தெற்கில் இருந்த பக்திமான்கள் பலர் அதை அரசியல் விவகாரம், சபை தலையிடக் கூடாது என்றார்கள். மனிதனை விற்பது வழிமுறை பற்றிய கருத்து வேறுபாடு இல்லை, முதல் கட்டத்து விஷயம். அதை மூன்றாம் கட்டத்தில் போட்டு ஒளித்துவைத்தார்கள். ஆக, எதை எந்தக் கட்டத்தில் போடுகிறோம் என்பதிலேயே சுயநலம் புகுந்துவிடும். இந்த மூன்று கட்டத் தாளைக் காட்டி யாராவது உங்களைச் சமாதானப்படுத்தினால், தாளைப் பிடித்திருக்கிற கையையும் கொஞ்சம் பாருங்கள்.

வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் கதையை நான் ஞாயிறு பள்ளியில் பல தடவை சொல்லியிருக்கிறேன். 1780-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர், சில வருடம் கழித்து மனந்திரும்பி, அரசியலை விட்டுவிடலாமா என்று குழம்பியபோது, முன்பு அடிமைக் கப்பலோட்டியாக இருந்து போதகரான ஜான் நியூட்டன் அங்கேயே இருக்கச் சொன்னார். இருந்தார். 1807-இல் அடிமை வியாபாரம் சட்டப்படி நிறுத்தப்பட்டது. பிரதமர் பிட் அவருடைய நெருங்கிய நண்பர். ஆனாலும் பிரான்சோடு நடந்த போர் விஷயத்தில் நண்பருக்கு எதிராகவே பேசினார். தன்னைக் கட்சி சாராதவராகத்தான் வைத்துக்கொண்டார். அடிமை வியாபார விஷயத்தில் அவரோடு தோள் கொடுத்தவர்களில் ஒருவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ், சூதாட்டத்துக்கும் ஆடம்பரத்துக்கும் பேர்போனவர், எதிரணிக்காரர். இதுவரை ஞாயிறு பள்ளியில் சொல்லலாம்.

நான் சொல்லாமல் விட்ட பாகத்தை அண்ணன் எடுத்துக்கொடுத்தார். அதே வில்பர்ஃபோர்ஸ் 1799-இல், தொழிலாளர்கள் கூலி உயர்வுக்காக ஒன்றுசேர்வதைக் குற்றமாக்கும் சட்டத்துக்கு ஆதரவாக நின்றவர். கடலுக்கு அப்பால் இருந்த சங்கிலி தெரிந்த கண்ணுக்கு, உள்ளூர் ஆலைத் தொழிலாளி தெரியவில்லை. அந்தச் சட்டம் 1824-இல் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 1834-இல் டால்படில் என்ற கிராமத்து விவசாயக் கூலிகள் ஆறு பேர், சங்கம் சேர்ந்து உறுதிமொழி எடுத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் லவ்லஸ் ஒரு மெதடிஸ்டுப் பிரசங்கியார். ஒரே விசுவாசம்தான். ஒருவரைச் சட்டம் இயற்றுகிற இடத்திலும் இன்னொருவரைச் சட்டத்தால் தண்டிக்கப்படுகிற இடத்திலும் நிறுத்தியிருக்கிறது. 'வில்பர்ஃபோர்ஸ் இந்தக் காலத்தில் இருந்திருந்தால் எங்கள் கட்சியில்தான் இருந்திருப்பார்' என்று எல்லாக் கட்சிக்காரர்களும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இப்போது சிரிப்புதான் வருகிறது.

இதையெல்லாம் வாசித்ததில் எனக்கு ஒரு பக்கவிளைவு ஏற்பட்டது. அரசியலே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அடுத்த தேர்தலில் நான் வாக்களிக்கவே போகவில்லை. நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில் இருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அதைச் சொல்லும்போது ஒருவித உயரத்தில் நிற்கிற சுகம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் விடவில்லை. "நீங்கள் முன்னால் கட்சிக்காரராக இருந்தபோதாவது யாரைப் பற்றியோ கவலைப்பட்டீர்கள். இப்போது உங்களைப் பற்றி மட்டும்தான் கவலைப்படுகிறீர்கள், கை அழுக்காகிவிடுமோ என்று." பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு, அந்த ஊரின் சமாதானத்தைத் தேடச் சொல்லி எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தைச் சுட்டிக்காட்டினார். பாபிலோனுக்கே அப்படியென்றால்! ஓட்டுப் போடாமல் இருப்பது நடுநிலை என்று நினைத்திருந்தேன். ஜெயிக்கிறவன் யாரோ அவனுக்குச் சம்மதம் சொல்வதுதான் அது. இப்போது தவறாமல் போகிறேன், பெரும்பாலும் மனநிறைவு இல்லாமல்தான் போகிறேன். அந்த மனநிறைவின்மை ஒரு குறை இல்லை என்று பழகிக்கொண்டேன். எந்தக் கட்சியிலாவது முழுசாக ஒத்துப்போகிறேன் என்று தோன்றினால்தான் இப்போது பயம் வருகிறது.

வீட்டுக்கூட்டத்தில் ஒரு இளைஞர், "அப்படியென்றால் நாமே ஒரு கிறிஸ்தவக் கட்சி ஆரம்பித்துவிட்டால் என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆரம்பித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஆபிரகாம் கைப்பர் என்ற போதகர் 1879-இல் வேதாகம அடிப்படையில் ஒரு கட்சியை ஆரம்பித்தார். பிரெஞ்சுப் புரட்சியின் தத்துவத்தை எதிர்ப்பதால் புரட்சி எதிர்ப்புக் கட்சி என்று பெயர். அவரே 1901 முதல் 1905 வரை பிரதமராகவும் இருந்தார். ஆனால் அதற்கு முன்பே, 1894-இல், வாக்குரிமையை எவ்வளவு பேருக்கு விரிவாக்கலாம் என்ற விவகாரத்தில் கட்சி உடைந்தது. அதே விசுவாச அறிக்கை, அதே ஞானோபதேசம். கைப்பர் விரிவாக்கு என்றார், அவருடைய கூட்டாளிகளில் ஒரு சாரார் கூடாது என்றார்கள். பிரிந்தவர்கள் 1908-இல் தனிக்கட்சியானார்கள். 1918-இல் இன்னும் கண்டிப்பான சிலர் மூன்றாவதாக ஒன்று ஆரம்பித்தார்கள். பழைய இரண்டு கட்சிகளும் ஒரு கத்தோலிக்கக் கட்சியோடு சேர்ந்து ஒன்றானது 1980-இல்தான். கைப்பர் முயற்சி வீண் என்று நான் சொல்லவில்லை, அவர் பல நல்ல காரியங்கள் செய்திருக்கிறார். கட்சிக்குக் கிறிஸ்துவின் பெயரைச் சூட்டினால் மூன்றாம் கட்டத்துச் சண்டை மறைந்துவிடாது, அவ்வளவுதான். கூடவே அந்தக் கட்சி ஊழல் செய்தால் யார் பெயர் கெடும் என்றும் யோசிக்க வேண்டும். கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதே என்பது கெட்ட வார்த்தை பேசுகிறவர்களுக்கு மட்டும் கொடுத்த கட்டளை என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

இன்னொரு இக்கட்டு போன தேர்தலில் வந்தது. ஒரு வேட்பாளர் ஞாயிறு ஆராதனைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும், போதகர் கைவைத்து ஜெபிக்க வேண்டும், படம் எடுத்துக்கொள்வார்கள். சபைக்கு ஒரு கட்டிடப் பிரச்சினை இருந்தது, அவர் மனதுவைத்தால் தீரும் என்றும் சிலர் சொன்னார்கள். போதகர் ஐயா சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. "வரச் சொல்லுங்கள். ஆராதனைக்குத்தானே வருகிறார், எல்லோரும் உட்காருகிற இடத்தில் உட்காரட்டும். ஜெபிக்கும்போது எல்லா வேட்பாளர்களின் பெயரையும் சொல்லி ஜெபிப்பேன்." அவர் வரவில்லை. கட்டிடப் பிரச்சினை இன்னும் அப்படியே இருக்கிறது. நாட்டுக்கு நாடு இதில் சட்டமும் உண்டு. இந்தியாவில் 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. வழிபாட்டு இடங்களை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988-இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் போதகர் ஐயா சட்டத்துக்குப் பயந்து அப்படிச் சொல்லவில்லை. பிறகு எங்களிடம் சொன்னார்: "என் சபையில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிறார்கள். ஒரு பக்கத்துக்குச் சாய்ந்து நின்றால், மறுபக்கத்துக்காரன் சாகும் நேரத்தில் என்னைக் கூப்பிடுவானா?"

அப்படியானால் சபை எப்போதுமே கட்சிகளைப் பற்றி வாய் திறக்கக் கூடாதா? இந்த இடத்தில்தான் எனக்கும் போதகர் ஐயாவுக்கும் கொஞ்சம் வேறுபாடு. நான் ஜெர்மனியை நினைக்கிறேன். 1933 ஜூலையில் நடந்த சபைத் தேர்தலில், நாத்சிகளோடு ஒத்துப்போன 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற அணி ஹிட்லரின் வெளிப்படையான ஆதரவோடு பெரிய வெற்றி பெற்றது. யூத வம்சத்திலிருந்து வந்த போதகர்களை நீக்க வேண்டும் என்றார்கள். அடுத்த வருடம் மே மாதக் கடைசியில் பார்மென் நகரில் லூத்தரன், சீர்திருத்த, ஐக்கிய சபைகளின் பிரதிநிதிகள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இறையியலாளர் கார்ல் பார்த் பெரும்பகுதி எழுதியது. இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தமில்லாமல் வேறு எஜமான்களுக்குச் சொந்தமான பகுதி நம் வாழ்க்கையில் உண்டு என்ற போதனையை நிராகரிக்கிறோம் என்பது அதன் சாரத்தில் ஒன்று. அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்ற போதகர் மார்ட்டின் நீமோலர் ஆரம்பத்தில் ஹிட்லரை ஆதரித்தவர்தான். 1937-இல் கைதாகி 1945 வரை சிறையிலும் வதை முகாம்களிலும் இருந்தார். ஆனால் அந்த அறிக்கையிலும் யூதர்களுக்கு நடந்துகொண்டிருந்த கொடுமையைப் பற்றி ஒரு வரி இல்லை. சபையின் சுதந்திரத்துக்காகப் பேசினார்கள், பக்கத்து வீட்டுக்காரனுக்காகப் பேசவில்லை. பார்த் பின்னாளில் அதைத் தன் குற்றமாகவே ஒப்புக்கொண்டார்.

இதிலிருந்து எனக்கு நானே போட்டுக்கொண்ட கோடு இது: 'இந்தக் கட்சிக்குப் போடு' என்று சபை சொல்லக் கூடாது, ஆனால் 'இதைச் செய்கிறவனோடு விசுவாசி நிற்க முடியாது' என்று சொல்ல வேண்டிய நாள் வரலாம். அந்த நாளை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? என் சபைக்கு வலிக்கிறதா என்று பார்த்தால் பிந்திவிடும். நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு கூட்டத்தை ஒரு கட்சி மனிதராக எண்ணாமல் பேச ஆரம்பிக்கும்போதே கவனிக்க வேண்டும். போதகர் ஐயாவோ, இந்தக் கோட்டை எல்லோரும் தங்கள் எதிரிக்கட்சியைச் சுற்றித்தான் போடுவார்கள் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். அதனால் நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன். எதிர்க்கட்சியைப் பற்றி அப்படிச் சொல்லத் தோன்றினால், முதலில் அதே கட்சிக்குப் போடுகிற ஒரு விசுவாசியிடம் போய் நேரில் சொல்ல வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் சொல்லலாம்.

எங்கள் சபையில் நாங்கள் செய்து பார்த்ததில் எல்லாமே பலித்துவிடவில்லை. தேர்தலுக்கு முன் ஒரு கலந்துரையாடல் மாலை வைத்தோம், இரண்டு தரப்பிலும் மூன்று பேர். இருபது நிமிடத்தில் கூச்சல். அதை மறுபடி முயலவில்லை. இரண்டு பேர் மூன்று பேராக, ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பேசியதுதான் ஏதாவது செய்தது. சபை வாட்ஸ்அப் குழுவில் அரசியல் செய்திகள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது உடனடி நிம்மதி தந்தது. ஆனால் அதே ஆட்கள் வேறு குழு ஆரம்பித்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குத் தனிப்பட்ட முறையில் உதவியது இரண்டு. வாக்களிக்கப் போகும் முன், நான் தேர்ந்தெடுக்கும் கட்சியின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் வேதத்துக்கு முரணாக எனக்குப் படுவதை எழுதி வைப்பது. ஒன்றும் எழுத வரவில்லையென்றால் நான் சரியாக வாசிக்கவில்லை என்று மறுபடி வாசிப்பது. அடுத்தது, அந்தத் தாளை அண்ணனிடம் கொடுப்பது. அவர் தன்னுடையதை என்னிடம் கொடுப்பார். கட்சி ஜெயித்த பிறகு அந்தத் தாளில் உள்ளதைப் பற்றி அவரவர் கட்சிக்காரர்களிடம் அவரவர்தான் போய்ப் பேச வேண்டும் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். அண்ணனுடைய கட்சி ஆட்சிக்கு வந்து ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் சொன்ன வாக்கை விழுங்கியபோது, அவர் தன் கட்சி அலுவலகத்துக்கே போய்ச் சத்தம் போட்டார். அதற்குப் பிறகு அவரைக் கூட்டங்களுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. நான் என் தாளோடு போனபோது வாசலிலேயே, "நீங்க யாரு பக்கம் சார்?" என்றுதான் கேட்டார்கள்.

யோசுவாவும் அதையேதான் கேட்டான். எரிகோவுக்குப் பக்கத்தில், உருவின பட்டயத்தோடு நின்ற கர்த்தருடைய சேனை அதிபதியிடம், எங்களைச் சேர்ந்தவரா, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரா என்று. 'அல்ல' என்று பதில் வந்தது. சின்ன வயதிலிருந்து அந்தப் பகுதியைக் கடந்துதான் எரிகோவின் மதில் விழுகிற கதைக்கு ஓடியிருக்கிறேன்.

என் மகளுக்கு இந்த முறை முதல் ஓட்டு. "யாருக்குப் போட்டால் பாவம் இல்லப்பா?" என்று கேட்டாள். பழைய நானாக இருந்தால் ஏழு வசனம் கொடுத்திருப்பேன். மூன்று கட்டம் போட்ட அந்தத் தாளைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் பதிலே இல்லையே" என்றாள். இல்லைதான். அவள் யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

தேர்தல் முடிவு வந்தது. நான் போட்ட பக்கம் தோற்றது. புதன்கிழமை குறிப்பேட்டைத் திறந்து, ஜெயித்தவரின் பெயரை எழுதினேன். மற்ற பெயர்களைவிட எழுத்து கொஞ்சம் சிறிதாகத்தான் வந்தது.